சீவிய கேக் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்: முழுமையான வழிகாட்டி

கேக்கை அடுக்குவதற்கு முன் மேலே உப்பி நிற்கும் பகுதியைச் சீவித் தட்டையாக்குவோம். 20 செ.மீ. வட்ட கேக் இரண்டைச் சீவினாலே என் கணக்கில் 200 கிராம் துண்டு விழுகிறது. எண் வடிவிலோ இதய வடிவிலோ வெட்டினால் இன்னும் கூடுதல். முதல் துண்டு வெட்டியவர் வாய்க்குப் போகும், இரண்டாவது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர் வாய்க்கு. அதற்குமேல் யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் மாலை ஒரு கிண்ணத்தில் காய்ந்து கிடக்கும்.

இந்தத் துண்டுகளை வைத்துச் செய்யும் பண்டங்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் திகட்டுகின்றன. கேக்கில் சர்க்கரையும் கொழுப்பும் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அதன்மேல் நாம் பட்டர்கிரீம், கண்டென்ஸ்டு மில்க், சாக்லேட் என்று அதையேதான் மறுபடி கொட்டுகிறோம். கேக்கில் இல்லாதவை புளிப்பு, உப்பு, கசப்பு, மொறுமொறுப்பு. மிஞ்சிய துண்டுக்கு இவற்றில் ஒன்றையாவது கொடுக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு செய்முறையிலும் நான் கவனிப்பது இதைத்தான்.

முதலில் தரம் பிரியுங்கள்

எல்லாத் துண்டும் ஒன்றல்ல. கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள்.

அன்றைக்கே சீவிய, கிரீம் படாத, மெத்தென்ற துண்டு ஒரு வகை. இது எதற்கும் வளையும். ஓரிரண்டு நாள் ஆகி ஓரம் இறுகிய துண்டு அடுத்த வகை. இது திரவத்தை நன்றாகக் குடிக்கும் என்பதால் புட்டிங்குக்கும், கேக்கையும் பழத்தையும் கஸ்டர்டையும் அடுக்கிச் செய்யும் டிரைஃபிளுக்கும் புது கேக்கைவிட இதுவே மேல். கிரீமோ, கனாஷோ (கிரீமில் கரைத்த சாக்லேட்) ஒட்டியிருக்கும் துண்டு மூன்றாவது வகை. இதை உருண்டைக்கு ஒதுக்கலாம். ஆனால் ஒட்டியிருக்கும் கிரீமையும் எடையில் கணக்கு வைக்க வேண்டும்.

ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் போர்வை இருந்தால் உரித்து எறியுங்கள். அது கேக்கோடு கலக்காது, மென்றால் ரப்பர் மாதிரி வரும். கருகிய ஓரத்தையும் வெட்டிவிடுங்கள். அந்தக் கசப்பு உதிர்த்துக் கலந்தாலும் மறையாது.

நடுவில் வேகாமல் அமுங்கிப்போன கேக்கையும் உருண்டை பிடித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். அதில் பச்சை முட்டையும் பச்சை மாவும் இருக்கின்றன. மெல்லிய துண்டுகளாக்கி 160 டிகிரி செல்சியஸில் முழுதாக வேகும்வரை மறுபடி சுட்டு, ஆறவிட்ட பிறகு பயன்படுத்துங்கள். பேக்கிங் சோடா அதிகமாகிச் சோப்பு வாடை அடிக்கும் கேக்குக்கு மட்டும் மருந்தில்லை. நான் பலமுறை முயன்று தோற்றுவிட்டேன். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம், எங்கே வைப்பது

ஃப்ரெஷ் கிரீம், கஸ்டர்ட், நறுக்கிய பழம் உள்ள துண்டு வெளியே 2 மணி நேரத்துக்குமேல் இருந்திருந்தால் ஆசைப்படாதீர்கள். வெயில் நாளில் ஒரு மணி நேரமே அதிகம். பூஞ்சை ஓர் இடத்தில் தெரிந்தாலும் அந்தப் பெட்டி முழுவதையும் எறிந்துவிடுங்கள். கேக் பஞ்சு மாதிரி துளைகள் உள்ள பொருள், பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். விருந்தினர் தட்டில் மிச்சம் வைத்ததும், பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதிய பக்கமும் இந்தக் கணக்கில் சேராது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிரீம் இல்லாத துண்டை ஃப்ரிட்ஜில் வைப்பது பலரும் செய்யும் தவறு. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மெல்ல மெல்ல மறுபடி இறுகத் தொடங்கும். கேக் பழசாகித் தடிப்பது ஈரம் போவதால் மட்டும் நடப்பதில்லை, இந்த இறுக்கமும் ஒரு காரணம். ஃப்ரிட்ஜின் 4 டிகிரி குளிரில்தான் அது மிக வேகமாக நடக்கும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே ஒன்று, காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்து 2 நாளுக்குள் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் நேராக ஃப்ரீசர்.

ஃப்ரீசரில் வைக்கும்போது துண்டுகளைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உறையவிட்டு, பிறகு பையில் கொட்டிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாது. பையின் மேல் சுவை, தேதி, பருப்பு வகை உண்டா இல்லையா என்று எழுதிவிடுங்கள். உறைந்த பிறகு வெனிலாவும் பாதாமும் ஒரே நிறம்தான், பருப்பு ஒத்துக்கொள்ளாத ஒருவர் உங்கள் மேசையில் உட்காரலாம். 2 முதல் 3 மாதம் வரை சுவை குறையாமல் இருக்கும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமலேயே உருகவிடுங்கள், வியர்வை பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும்.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெனிலாவும் சாக்லேட்டும் கலந்தால் அழகு. சிவப்பு, நீலம், பச்சை கேக்கைக் கலந்து உதிர்த்தால் கிடைப்பது சாம்பல் நிறச் சேறு. அனுபவத்தில் சொல்கிறேன், அதைச் சாக்லேட்டில் முக்கி மறைத்தாலும் கடித்தவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

கேக் உருண்டை: எல்லோரும் செய்வது, பாதிப் பேர் கெடுப்பது

நான் முதன்முதலில் செய்த உருண்டை களிமண். ஒரு கேக்கின் துண்டுகளில் ஒரு கப் பட்டர்கிரீமைக் கொட்டிப் பிசைந்தேன். பளபளவென்று வந்தது, ஒன்றுக்குமேல் யாராலும் சாப்பிட முடியவில்லை. தப்பு கிரீமின் அளவில் இருந்தது.

300 கிராம் கேக்குக்கு 2 மேசைக்கரண்டியில், அதாவது ஏறக்குறைய 30 முதல் 40 கிராமில், தொடங்குங்கள். 60 கிராமைத் தாண்ட வேண்டிய தேவை அபூர்வம். செய்முறை இது.

1. கேக்கை விரல்களால் தேய்த்து உதிருங்கள். மிக்சியில் போட்டால் ஒன்றிரண்டு சுற்றோடு நிறுத்துங்கள், அதற்குமேல் ஓடினால் மாவாகி ஒட்டும். இறுகிய ஓரங்களைத் தனியே எடுத்துவிடுங்கள், அவை பல்லில் கல்லாகத் தட்டும். அவற்றுக்குக் கீழே வேறு வேலை இருக்கிறது.

2. ஒரு சிட்டிகை உப்பு தூவுங்கள். சாக்லேட் கேக் என்றால் அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூளைக் கால் தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். வெனிலா என்றால் எலுமிச்சைத் தோலைத் துருவிச் சேருங்கள்.

3. கிரீமை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேர்த்துப் பிசைந்துகொண்டே போங்கள். கைப்பிடி எடுத்து அழுத்தினால் விரல் தடத்தோடு நிற்க வேண்டும், நடுவில் உடைத்தால் உதிரியாகத் தெரிய வேண்டும். அதுதான் பதம். கையில் எண்ணெய் மினுக்கினால் கிரீம் அதிகம். அப்போது இன்னும் கொஞ்சம் உதிர்த்த கேக்கோ காய்ந்த தூளோ சேர்த்துச் சரிசெய்யலாம்.

4. 25 கிராம் அளவில் உருட்டுங்கள். 13, 14 உருண்டை வரும். கண்மட்டத்தில் உருட்டினால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும், தராசு வையுங்கள். ஃப்ரிட்ஜில் 30 நிமிடம் வைத்து இறுகவிடுங்கள்.

5. வெளியே எடுத்து 10 நிமிடம் அப்படியே விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால்தான் ஓடு வெடிக்கிறது. உள்ளே சில்லென்றிருக்கும் உருண்டை அறைச் சூட்டுக்கு வரும்போது விரியும், அதற்குள் வெளியே சாக்லேட் இறுகியிருக்கும், விரிசல் விடும். ஃப்ரீசரில் வைத்து அவசரப்படுத்தினால் இன்னும் மோசம்.

6. 200 கிராம் சாக்லேட்டை உருக்கி முக்கி, பட்டர் பேப்பரில் வையுங்கள்.

கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் என்றால் உருக்கினால் போதும். கோகோ வெண்ணெய் உள்ள நிஜ சாக்லேட் பளபளக்கவும் டக்கென்று உடையவும் வேண்டுமானால் டெம்பரிங் தேவை. டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரி வரை உருக்கி, மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறிக் கிளறி 31, 32 டிகிரிக்கு இறக்க வேண்டும். மில்க் சாக்லேட்டுக்கு 29, 30 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் முக்கிய உருண்டையை ஃப்ரிட்ஜில் வைத்துப் பரிமாறிவிடுங்கள், கொஞ்சம் மங்கலாகத் தெரியும், சுவை கெடாது. சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து மணல் மாதிரி ஆகிவிடும் என்பதால் கரண்டி, கிண்ணம் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். குச்சி செருகுவதானால் குச்சியின் நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டுச் செருகுங்கள், உருண்டை கழன்று விழாது.

பட்டர்கிரீம் மிஞ்சவில்லையா? நல்லது. 60 மி.லி. சூடான கிரீமில் 80 கிராம் டார்க் சாக்லேட் கரைத்தால் வரும் கனாஷ் அதைவிட மேல். கசப்பு இருப்பதால் திகட்டாது. 3 மேசைக்கரண்டி ஆப்ரிகாட் ஜாமோ புளிப்பான ராஸ்பெர்ரி ஜாமோ போதும், உருண்டை பிடிக்க வரும். கிரீம் சீஸ், கடலை வெண்ணெய் இரண்டும் உப்புச் சுவை தருபவை, 60 கிராம் எடுத்துக்கொள்ளலாம்.

தொழில்முறை பேக்கரிகள் இதை நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. ரஷ்யாவில் 'கார்தோஷ்கா' என்றால் உருளைக்கிழங்கு. உதிர்த்த கேக்கைக் கிரீமோடு பிசைந்து கிழங்கு வடிவில் பிடித்து, கோகோவில் புரட்டிய பண்டத்துக்கும் அங்கே அதே பெயர். சுவீடனில் மார்ஸிபான் என்ற பாதாம்-சர்க்கரைப் பிசைவைப் பச்சை நிறத்தில் போர்த்தி, இரு முனையையும் சாக்லேட்டில் தோய்த்த ஓர் உருளை உண்டு. அதன் பெயருக்கு வேக்யூம் கிளீனர் என்று பொருள். உருவம் பழைய கருவியை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்பார்கள், பேக்கரிக்காரர் மேசையில் கிடந்த தூளையெல்லாம் உறிஞ்சி எடுத்ததால் வந்தது என்றும் சொல்வார்கள். ஆஸ்திரியாவின் இளஞ்சிவப்புக் கனசதுரமான புன்ஷ்கிராப்ஃபெனுக்குள்ளும் ரம்மும் ஆப்ரிகாட் ஜாமும் சேர்த்த கேக் தூள்தான். ரம், மார்ஸிபான், கோகோ, ஆப்ரிகாட் என்று ஒவ்வோர் ஊரும் ஏதோ ஒரு கசப்பையோ புளிப்பையோ காரத்தையோ சேர்த்திருக்கிறது பாருங்கள்.

புட்டிங்: காய்ந்த துண்டுக்கு இதைவிட நல்ல கதி இல்லை

பிரெட் புட்டிங் செய்யத் தெரிந்தால் இதில் பாதி தெரியும். மீதிப் பாதி இரண்டு வித்தியாசங்கள். ஒன்று, கேக் பிரெட்டைவிடச் சீக்கிரம் கரையும். இரண்டு, சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

300 கிராம் கேக், 3 முட்டை, 450 மி.லி. பால், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி புளிப்பான பழம். சர்க்கரை வேண்டாம். இனிப்பு குறைந்த கேக் என்றால் ஒரு மேசைக்கரண்டி போடலாம்.

கேக்கை 2 செ.மீ. துண்டுகளாக்கி, தட்டில் பரப்பி, 150 டிகிரி அவன் அடுப்பில் 10 முதல் 15 நிமிடம் உலர்த்துங்கள். காய்ந்த துண்டாகவே இருந்தாலும் இதைச் செய்யலாம். மேலே ஒரு தோல் உருவானால்தான் பாலில் ஊறும்போது கூழாகாமல் உருவம் நிற்கும். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பாதித் துண்டைப் பரப்பி, பழத்தைத் தூவி, மீதியை அடுக்குங்கள். பழமாக செர்ரி, பிளம், ராஸ்பெர்ரி, புளிப்பு ஆப்பிள் எதுவும் சரி. உலர் திராட்சை வேண்டாம், அது இன்னும் இனிப்பு.

பாலைக் கைப்பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, அடித்த முட்டையில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். நுரை வர அடிக்க வேண்டியதில்லை. வடிகட்டித் துண்டுகள்மேல் ஊற்றி 20 நிமிடம் ஊறவிடுங்கள். மேலே மிதக்கும் துண்டுகளைக் கரண்டியால் மெதுவாக அமுக்கிவிடுங்கள்.

பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய தட்டுக்குள் இறக்கி, 160 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீர்த் தட்டு எதற்கு? முட்டைக் கஸ்டர்ட் 80 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் திரிந்து தண்ணீர் விடத் தொடங்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் ஓரங்கள் அவ்வளவு சூடாகாமல் தடுக்கும். ஓரம் இறுகி, நடுவில் லேசான ஆட்டம் இருக்கும்போது எடுத்துவிடுங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 75 டிகிரி காட்ட வேண்டும். 15 நிமிடம் ஆறவிட்டால் மீதி தானாக இறுகும்.

சாக்லேட் கேக் என்றால் பாலில் 50 மி.லி.யைக் குறைத்து அதே அளவு கடுங்காபி ஊற்றுங்கள். ஒருமுறை செய்துபார்த்தால் மறுபடி வெறும் பாலில் செய்யமாட்டீர்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் 450 மி.லி. பாலில் 2 மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரைக் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சி, சூட்டோடு துண்டுகள்மேல் ஊற்றி, 170 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் போதும். இதற்குத் தண்ணீர்த் தட்டு தேவையில்லை, மாவுச்சத்து முட்டை மாதிரிச் சட்டென்று திரியாது.

தூளாக்கி வறுத்து ஒரு பாட்டிலில்

உருண்டை செய்யும்போது ஒதுக்கிய இறுகல் ஓரங்கள், பெட்டியின் அடியில் தங்கிய பொடி எல்லாம் இங்கே வந்து சேரட்டும். கிரீம் ஒட்டாத துண்டை மட்டும் எடுத்து உதிர்த்து, அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 150 டிகிரியில் 15 முதல் 25 நிமிடம் வையுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும், இல்லையென்றால் ஓரத்துத் தூள் கருகும். அவன் இல்லையென்றால் அடிகனமான வாணலியில் சிறுதீயில் கைவிடாமல் வறுக்கலாம். நேரம் கொஞ்சம் கூடும்.

சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் தெரியும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும் என்பதால் பயந்து கூடுதலாக வறுத்துவிடாதீர்கள். சாக்லேட் கேக்கில் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. மூக்கை நம்புங்கள், கோகோ வாசம் தூக்கலாக எழும்போது எடுத்துவிட வேண்டும். முழுதாக ஆறிய பிறகே பாட்டிலில் போட்டு மூடுங்கள். ஈரமில்லாமல் காய்ந்த தூள் 2 வாரம் தாங்கும்.

இந்தப் பாட்டில் என் சமையலறையில் வெறுமையாக இருந்ததே இல்லை. சீஸ்கேக்குக்கும் டார்ட்டுக்கும் அடித்தளமாக 200 கிராம் தூளில் 50 முதல் 60 கிராம் உருகிய வெண்ணெய் ஊற்றிக் கலந்து, 20 செ.மீ. டின்னில் தட்டையான கிண்ணத்தால் அழுத்தி, 170 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் சுடுகிறேன். பிஸ்கட் தூளுக்கு வெண்ணெய் கிட்டத்தட்ட இதைப்போல் இரு மடங்கு போடுவோம். கேக்கில் ஏற்கெனவே கொழுப்பு இருப்பதால் அந்தப் பழக்கத்தில் ஊற்றினால் அடியில் வழியும்.

தண்ணீர் விடும் பழங்களை வைத்துப் பை (pie) சுடும்போது அடியில் 2, 3 மேசைக்கரண்டி தூவினால் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், அடிமாவு நமுத்துப் போகாது. டார்ட்டுக்குள் நிரப்பும் பாதாம் கலவையான ஃப்ராஞ்சிபேனில் பாதாம் தூளின் பாதி அளவுக்கு இதைப் போட்டு, சர்க்கரையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். பாதாமின் செலவும் குறையும், சாப்பிடுபவர் கண்டுபிடிக்கவும் மாட்டார். புது கேக் மாவிலும் மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இந்தத் தூளைச் சேர்க்கலாம். அதற்குமேல் போனால் கேக் கனத்துப் போகும்.

தனியாகத் தின்னவும் ஒரு வழி சொல்கிறேன். 100 கிராம் தூள், 30 கிராம் உருகிய வெண்ணெய், 2 மேசைக்கரண்டி பால் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு. கலந்து 150 டிகிரியில் 15 நிமிடம். பால் பவுடர் சிவந்து, கொஞ்சம் டாஃபி வாசத்தோடு கட்டிகட்டியாக வரும். ஐஸ்கிரீம்மேல் தூவுவதற்கென்றுதான் செய்வேன், ஐஸ்கிரீம் வருவதற்குள் பாதி போய்விடும்.

டிரைஃபிள்: அடுக்குவது மட்டும்தான் வேலை

டிரைஃபிள் என்ற பெயர் 1585-இல் அச்சான ஓர் ஆங்கிலச் சமையல் நூலிலேயே வருகிறது. அதில் கேக் கிடையாது. சர்க்கரையும் இஞ்சியும் ரோஜாப் பன்னீரும் சேர்த்த கெட்டிக் கிரீம், அவ்வளவுதான். கேக்கும் கஸ்டர்டும் பழமும் பிறகு வந்து குடியேறின.

6 கண்ணாடிக் குவளைக்கு 200 கிராம் கேக், 250 கிராம் புளிப்பான பழம், 300 மி.லி. ஆறிய கஸ்டர்ட், 200 மி.லி. சர்க்கரையில்லாமல் அடித்த விப்பிங் கிரீம், கேக்கை நனைக்க 5 மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாறு. கேக்கை அடியில் போட்டு, ஒரு குவளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவான சாறு மட்டும் தெளியுங்கள். பழத்திலிருந்தும் கஸ்டர்டிலிருந்தும் ஈரம் இறங்கத்தான் போகிறது, முதலிலேயே முக்கி எடுத்தால் மறுநாள் கஞ்சி. பழம், கஸ்டர்ட், கிரீம் என்று வரிசையாகப் போங்கள். கஸ்டர்ட் சூடாக இருந்தால் கிரீம் உருகிக் கீழே இறங்கிவிடும். ஃப்ரிட்ஜில் 4 மணி நேரமாவது இருக்கட்டும், ஒரு நாள் இருந்தால் இன்னும் நல்லது. வறுத்த தூளைப் பரிமாறும் நேரத்தில்தான் மேலே தூவ வேண்டும், முன்பே தூவினால் நமுத்துவிடும்.

முழுத் துண்டாக மிஞ்சினால்

செவ்வக டின்னில் சுட்ட வெண்ணெய் கேக்கோ வாழைப்பழ கேக்கோ பாதி மிஞ்சினால் உதிர்க்காதீர்கள். 2 செ.மீ. கனத்தில் வெட்டி, தவாவில் கால் தேக்கரண்டி வெண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க விடுங்கள். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் நிறம் மாறும், தீ சிறிதாக இருக்கட்டும். பழைய கேக் மறுபடி மெத்தென்று ஆவதும் இப்போதுதான், இறுகிய மாவுச்சத்து சூட்டில் திரும்ப நெகிழும். ஆறினால் மறுபடி இறுகிவிடும் என்பதால் சூட்டோடு சாப்பிட வேண்டும்.

முட்டையில் தோய்த்தும் பொரிக்கலாம். ஒரு முட்டைக்கு 4 மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு. தோய்ப்பது 3 நொடிக்குமேல் போகக் கூடாது. பிரெட் நின்று குடிக்கும், கேக் கையிலேயே கரைந்து விழும்.

ரஸ்க்காக வேண்டுமானால் 1.5 செ.மீ. கனத்தில் வெட்டி, 150 டிகிரியில் ஒரு பக்கம் 15 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு 15 நிமிடம். அவன் அடுப்பை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். எண்ணெய் கேக்கைவிட வெண்ணெய் கேக்கில் இது நன்றாக வரும். ஸ்பாஞ்ச் மிக லேசானது, வெட்டும்போதே நொறுங்கும்.

குளிரானவை

ஐஸ்கிரீமில் கலப்பதற்குக் கேக் துண்டுகள் முதலில் உறைந்திருக்க வேண்டும். சாதாரணத் துண்டைப் போட்டால் அது ஐஸ்கிரீமின் ஈரத்தைக் குடித்துச் சொதசொதவென்றாகும். ஐஸ்கிரீமைக் கரண்டி இறங்கும் அளவுக்கு இளகவிட்டு, அரை லிட்டருக்கு 100 கிராம் உறைந்த துண்டும், புளிப்பு ஜாம் 2 மேசைக்கரண்டியும் புரட்டி, உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கேக் உறைந்தாலும் கல்லாக இறுகாது, அதிலுள்ள சர்க்கரையும் கொழுப்பும் அப்படி விடா.

மில்க் ஷேக்குக்கு 2 கரண்டி ஐஸ்கிரீம், 120 மி.லி. பால், 60 கிராம் கேக். ஐஸ்கிரீமையும் பாலையும் அடித்த பிறகு கேக்கைப் போட்டு 5 நொடி மட்டும் ஓட்டுங்கள்.

பச்சைக் குக்கி மாவைக் கரண்டியில் எடுத்துத் தின்னும் ஆசை உள்ளவர்களுக்கும் இதில் வழியுண்டு. முட்டை மட்டுமல்ல, வேகாத மாவும் கிருமி தாங்கி வரலாம் என்பதால்தான் அதைத் தின்னக் கூடாது என்கிறார்கள். கேக்கில் மாவு ஏற்கெனவே வெந்தாயிற்று. 150 கிராம் உதிர்த்த வெனிலா கேக், 40 கிராம் மெத்தென்ற வெண்ணெய், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு கைப்பிடி டார்க் சாக்லேட் துண்டு. பிசைந்து குளிரவைத்தால் அதே சுவை, அந்தப் பயம் இல்லை.

நாய் வளர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த துண்டுதானே என்று சாக்லேட் கேக்கை அதற்குப் போடாதீர்கள். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு நஞ்சு. உலர் திராட்சையும், சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் சைலிட்டாலும் அப்படியே.

கடைசியில் எதற்கும் போதாமல் 2 கரண்டித் தூள் மட்டும் கிண்ணத்தில் கிடக்கும். அதற்கென்று செய்முறை தேட வேண்டாம். சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, மேலே தூவி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். அதன் புளிப்போடு சேரும்போது நேற்றைய கேக் இன்றைக்குத்தான் சரியாக வந்தது போலிருக்கும்.